வடை வாசம் வந்த மாநாடு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக வரலாறு குறித்து வைக்கவேண்டிய நாள் ஒன்று உண்டென்றால், அது இந்தப் பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமைதான் என்று பத்திநாதர் அழைப்பிதழில் எழுதியிருந்தார். அன்று பிற்பகல் பூமியின் எரிபொருள் யுகம் இரண்டாகப் பிளக்கவிருந்தது. ஆனால் பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் அதற்கென்று எடுத்திருந்த நிலக்கீழ் மண்டபத்தில் ஒரு சாமத்தியவீடு, யாரோ ஒரு பெண் பெரியவளான கொண்டாட்டம், இன்னும் முடியவில்லை. பெண்ணின் தாய்மாமன்மார் ஒவ்வொருவராக நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே யுகம் வெளியே நடைபாதையில் காத்திருந்தது.

யுகத்தோடு தவசீலனும் காத்திருந்தான். அவன் முன்னால் ஒரு சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி. அதற்குள் பூப்போட்ட படுக்கைவிரிப்பால் மூடிய ஒரு சின்ன டீசல் ஜெனரேற்றர். தேங்காய் எண்ணெய்க் கலனைக் கோட்டுக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தான். குளிரில் விட்டால் உறைந்து நெய்க்கட்டியாகிவிடும். தெருவில் போனவர்கள் அவனுக்கு வயிற்றுவலி என்று நினைத்திருப்பார்கள்.

பத்திநாதர் மன்னாரிலிருந்து வந்து பாரிஸில் கிழவரானவர். 'உலகத் தீவு நாடுகள் தென்னெரிபொருள் விடுதலை மையம்' என்ற அமைப்பின் நிறுவனர், தலைவர். அதன் அலுவலகம் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் ஒரு மேசை. அங்கத்தவர்களைவிட உபதலைவர்கள் அதிகம். பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போடுவார். பட்டம் தந்த பல்கலைக்கழகத்தைத் தேசப்படத்தில் தேடிய ஒருவர் பின்னர் அமைப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

விஷயம் முழுக்க முட்டாள்தனம் என்று சொல்லிவிடவும் முடியாது. கடல் நடுவே கிடக்கிற சின்னஞ்சிறு தீவு நாடுகள் டீசலைக் கப்பலில் இறக்கித்தான் விளக்கெரிக்கின்றன. கப்பல் பிந்தினால் ஆஸ்பத்திரி இருட்டில் கிடக்கும். சுற்றிவரத் தேங்காய் விழுந்து அழுகும். அந்தத் தேங்காயை உலர்த்தி, எண்ணெய் பிழிந்து, அதே ஜெனரேற்றரில் ஊற்றினால் ஓடும். சில இடங்களில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அந்த இடங்களிலெல்லாம் வெயில் அடிக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பற்றி மையத்தின் உபதலைவர்கள் எவரும் கதைத்ததில்லை. இத்தனைக்கும் அவர்கள் எல்லோருடைய வீட்டிலும் மாரி முழுக்கத் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஹீற்றருக்கு மேலேதான் இருக்கும்.

தவசீலன் இதற்குள் மாட்டியது ஒரு சாப்பாட்டுக் கடையில். அவன் அங்கே கோப்பை கழுவினான். ஒருநாள் பத்திநாதர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ உள்ளே வந்தார்.

"தம்பி எவடம்?"

"விசுவமடு, அண்ணை."

"வன்னியோ! அப்ப உமக்கு எஞ்சின் வேலை தெரியும்."

அது கேள்வியே இல்லை. பாரிஸில் பழையவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. போரின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிச் சனம் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதல்லவா, ஆகவே வன்னியிலிருந்து வருகிறவன் எவனாக இருந்தாலும் விஞ்ஞானி. தவசீலன் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒளித்துத் திரிந்தவன். பிறகு முல்லைத்தீவில் சிம் அட்டை விற்றான். வாழ்க்கையில் அவன் திறந்து பார்த்த ஒரே இயந்திரம் அந்தக் கடையிலிருந்த போட்டோக் கொப்பி மெஷின். அதையும் திருப்பிப் பூட்டத் தெரியவில்லை.

"ஓம் அண்ணை," என்றான் தவசீலன்.

ஓம் என்றதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய அகதி வழக்கு இரண்டு தரமும் விழுந்துவிட்டது. நாட்டைவிட்டுப் போ என்ற உத்தரவும் கைக்கு வந்துவிட்டது. பத்திநாதர் கை துடைத்துக்கொண்டே ழான்-மார்க்கைப் பற்றிச் சொன்னார். ழான்-மார்க் பசிபிக்கில் லுவாரோ என்ற தீவுக்கூட்டத்தின் கௌரவத் தூதர். சூரியத்தகடு பூட்டுகிற ஒரு சின்னக் கொம்பனியும் வைத்திருந்தார். தேங்காய் எண்ணெயில் ஜெனரேற்றரை ஒரு மணித்தியாலம் தன் கண் முன்னால் ஓடவிடுகிறவனுக்குத் தன் கொம்பனியில் கொந்திரா எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வேலை ஒப்பந்தம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு விசாவுக்குப் போடலாம். தவசீலனுக்கு மிச்சமிருந்த ஒரே கயிறு அதுதான்.

அவன் போனில் வீடியோக்கள் பார்த்தான். பத்திநாதரின் மைத்துனரும் மையத்தின் செயலாளருமான அன்ரன் புறநகரான திரான்சியில் யாரிடமோ பழைய ஜெனரேற்றர் ஒன்றை வாங்கிவந்தார். தவசீலன் சாப்பாட்டுக் கடையின் நிலவறையில், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு எண்ணெயை ஊற்றி, ஒரு மாதம் கை கரியாக நின்றான். ஒருநாள் அது ஓடியது. ஓடாமல் விட்டிருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

*

சாமத்தியவீடு முடிந்து, மணவறைப் பூக்களைக் கழற்றுவதற்கு முன்பே மாநாடு உள்ளே இறங்கியது. மேடைக்குப் பின்னால் கதிரைகள் அடுக்குகிற ஒரு சின்ன அறை. கூரையோடு ஒட்டி, தெரு மட்டத்தில், ஒரு கீற்று யன்னல். ஜெனரேற்றரை அங்கே வைத்து, புகைக்குழாயை யன்னலால் வெளியே விட்டு, வயரை மேடைக்கு இழுத்தார்கள். மேடையில் சின்ன பல்புகளால் செய்த ஒரு தென்னைமரம் நின்றது.

தவசீலன் இயக்கினான். தென்னைமரம் எரிந்தது. இரண்டு நிமிஷம் கழித்து அணைந்தது. யன்னலால் வந்த குளிரில் குழாய்க்குள் எண்ணெய் உறைந்துவிட்டது.

பத்திநாதர் ஓடிவந்தார். பட்டுவேட்டி, அதற்கு மேல் குளிர்க்கோட்டு.

"என்ன தம்பி, மானத்தை வாங்கிறாய்?"

"குளிர் அண்ணை. எண்ணெய் இறுகிப் போச்சு."

"அப்ப யன்னலைப் பூட்டு."

"புகை?"

"தேங்காயெண்ணெய்ப் புகை ஆரைக் கொன்றது? எங்கடை வீடுகளிலை பொரிக்கேக்கை வாறதுதானே. இயற்கை எரிபொருள் எண்டு பதினாறு பக்கம் அடிச்சு வைச்சிருக்கிறன், வாசிக்கேல்லையோ?"

அன்ரன் கதிரையில் ஏறிப் புகைக்குழாயை உள்ளே இழுத்து, யன்னலைப் பூட்டி, இடுக்குகளில் மணவறைத் துணியைத் திணித்தார். எண்ணெய்க் குழாய் இன்னும் சூடாக வேண்டுமே என்று, சாமத்தியவீட்டுக்குப் பெண்ணைச் சோடித்த மேக்கப்காரியிடம் கெஞ்சி, முடி காயவைக்கும் மெஷினை வாங்கிவந்தார். தவசீலன் அதைச் சுவரில் செருகி எண்ணெய்க் குழாய்மேல் பிடித்தான். எண்ணெய் இளகியது. தென்னைமரம் மறுபடி எரிந்தது. மண்டபத்தின் மின்சாரத்தில் அந்த மெஷின் குடித்ததில் பாதியைக்கூட ஜெனரேற்றர் தரவில்லை. ஆனால் அது திரைக்குப் பின்னால் நடந்த விஷயம்.

"இப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்," என்றார் அன்ரன். "சத்தம் பேச்சுக்கு இடைஞ்சல். கதவைச் சாத்திறன். கொஞ்ச நேரந்தான். தலைவர் உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், பொன்னாடை போர்ப்பினம், ழான்-மார்க் கை குடுப்பார். அவ்வளவுதான், உன்ரை பிரச்சினை முடிஞ்சுது."

கதவு சாத்தப்பட்டது.

ஜெனரேற்றர் ஒரு மணித்தியாலம் ஓடினால் போதும் என்றுதான் ழான்-மார்க் கேட்டிருந்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் எந்தத் தமிழ் மாநாடும் முடிந்ததில்லை என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதலில் அகவணக்கம். பிறகு ஆசியுரை, வரவேற்புரை, தொடக்கவுரை. தொடக்கவுரைக்குப் பிறகு தலைமையுரை. உபதலைவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்த்துரை. வாழ்த்துகிறவர் முதலில் மேடையிலிருப்பவர்கள் எல்லோரையும் விளிக்கவேண்டும். ஒருவரை விட்டால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

கதவுக்குப் பின்னால் தவசீலனுக்குச் சொற்கள் துண்டு துண்டாகக் கேட்டன. இருண்ட தீவுகள். ஒளிச்சுடர். நமது தென்னை. பத்திநாதர் பேசும்போது லுவாரோவின் மீனவர்களுக்காகக் குரல் தழுதழுத்தது. சுஜானி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். சுஜானி அவருடைய மகள். இங்கேயே பிறந்தவள். அப்பா நாலு நிமிஷம் சொன்னதை ஒரு வசனத்தில் முடித்தாள். அதனால் பிரெஞ்சில் அந்தத் தழுதழுப்பு வரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு வாசம் வந்தது. வடை பொரிக்கிற வாசம்.

காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. தலை கொஞ்சம் இடித்தது. பசிதான் என்று நினைத்தான். தேங்காயெண்ணெய் எரிகிற வாசம் மூக்கில் ஏறினால் தமிழனுக்கு முதலில் வயிறுதான் விழிக்கும். அவனுக்கும் அப்படித்தான். கதவிடுக்கால் வாசம் மண்டபத்துக்கும் போனது. பேச்சில் தூங்கி வழிந்த சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"வடை போடுறாங்கள்."

"உளுந்தோ கடலையோ?"

"வாசத்தைப் பார்த்தால் உளுந்து மாதிரி. இனி எழும்பிப் போகேலாது."

"எனக்குத் தலையிடிக்குது அப்பா, போவம்."

"பசியடி. ஒரு வடை சாப்பிட்டால் சரி."

போக எழுந்தவர்களும் திரும்ப உட்கார்ந்தார்கள். பத்திநாதர் அவ்வளவு கூட்டம் அசையாமல் இருந்ததைப் பார்த்து, தன் பேச்சின் வலிமை என்று எண்ணி, இன்னொரு பக்கம் வாசித்தார்.

உள்ளே தவசீலனின் கை தளர்ந்தது. மெஷினைச் சற்றுத் தாழ்த்தினான். ஜெனரேற்றர் இருமியது. மேடையில் தென்னைமரம் மங்கியிருக்க வேண்டும். உடனே கதவு ஒரு சாண் திறந்து அன்ரனின் தலை தெரிந்தது.

"டேய், மங்குது!"

"அண்ணை, எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ."

"விசரோ உனக்கு? அப்பா மைக்கிலை நிக்கிறார்." தன் அக்காவின் புருசனை அன்ரன் மேடை நாட்களில் அப்பா என்றுதான் சொல்வார். "இன்னும் ரண்டு பேர். அடுத்தது நீதான். ழான்-மார்க் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார், நிப்பாட்டிப்போடாதை."

கதவு மூடியது. தவசீலன் கதவைப் பார்த்தான். மூன்று எட்டு வைத்தால் போதும். ஆனால் மெஷினை எடுத்தால் எண்ணெய் உறையும். எண்ணெய் உறைந்தால் மரம் அணையும். மரம் அணைந்தால் கொந்திரா இல்லை. கொந்திரா இல்லாவிட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, என்ன செய்தாய் இவ்வளவு காலமும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துக்கொண்டான். சூடான காற்று முகத்தில் அடித்தது. நல்ல சுகமாக இருந்தது. இன்னும் ரண்டு பேர், என்று மனதுக்குள் சொன்னான். பிறகு எத்தனை பேர் என்பது மறந்துபோனது.

*

மிச்சத்தை அவன் பின்னால் சுஜானி சொல்லித்தான் அறிந்தான்.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். 'வன்னி மண் ஈன்ற விஞ்ஞானச் சுடர்' என்று கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை. பூட்டிய அறை அதற்குள் சூடேறிவிட்டதால் தென்னைமரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். சுடர் அடக்கமானவர் என்று பத்திநாதர் விளக்கம் சொன்னார். விரித்த பொன்னாடையைத் திரும்ப மடிப்பது அபசகுனம், அதனால் அன்ரன் மேடையேறி அவன் சார்பில் போர்த்திக்கொண்டார். ழான்-மார்க் அன்ரனின் கையைக் குலுக்கி, உங்களைப் போன்ற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று பிரெஞ்சில் சொன்னார். அன்ரன் அதை மறுக்கவில்லை. சனம் கைதட்டியது. கைதட்டும்போதே முன்வரிசையில் ஒரு அம்மா வாந்தி எடுத்தா.

சுஜானிதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து கத்தினாள்.

"அப்பா, ஆளுக்கு மூச்சில்லை! எல்லாரும் வெளியே போங்கோ!"

"வடை?" என்று யாரோ கேட்டார்களாம்.

பொம்பியே என்று பிரெஞ்சில் சொல்கிற தீயணைப்புக்காரர்கள் வந்து, முகமூடி போட்டுக்கொண்டு, அவனை இழுத்துப்போட்டு, ஒட்சிசன் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் சிலரையும் கொண்டுபோய் அன்றே விட்டுவிட்டார்கள். அவன் மட்டும் நாட்கணக்காகக் கண் திறக்கவில்லை. திறந்தபோது இடது கை நடுங்கியது. இன்றைக்கு வரைக்கும் அந்தக் கையால் சட்டைப் பொத்தான் பூட்ட வராது. சில பெயர்களும் போய்விட்டன. அம்மாவின் பெயரைக் கேட்டபோது வெகுநேரம் யோசித்தான்.

பத்திநாதர் ஆஸ்பத்திரிக்கு ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"தம்பி, கடவுள் காப்பாத்தினார். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனாங்கள்."

தவசீலன் தலையாட்டினான்.

"பொலிஸ் வந்து கேக்கும். நிலக்கீழ் மண்டபத்திலை எஞ்சின் ஓட்டினால் இஞ்சை பெரிய குற்றமாம். நாங்கள் எல்லாரும் சொல்லிப்போட்டம், எஞ்சின் எண்டு ஒண்டும் இருக்கேல்லை. குசினியிலை வடை பொரிச்சது, புகை அடிச்சுப்போச்சு. நீயும் அதையே சொல்லு."

"அப்ப, கொந்திரா?"

பத்திநாதர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எஞ்சின் இருக்கேல்லையெண்டால், அண்ணை, கொந்திரா எங்காலை வாறது?" அண்ணை என்று அவனைத்தான் சொன்னார். ஏதாவது மறைக்கும்போது அவர் எல்லோரையும் அண்ணை என்பார். "ழான்-மார்க்கும் அண்டைக்குத் தான் வரவேயில்லை எண்டுதான் சொல்லுறார்."

ஜெனரேற்றர் அன்றைக்கே திரான்சிக்குத் திரும்பிப் போயிருந்தது. அடுத்த வாரம் லாசப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கடைகடையாய்க் கிடக்கிற இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் முழுப்பக்கச் செய்தி வந்தது. உலகின் முதல் தென்னெரிபொருள் ஜெனரேற்றர் இடைவிடாது இயங்கி அரங்கை அதிரவைத்ததாக எழுதியிருந்தது. பக்கத்தில் பொன்னாடையோடு அன்ரன். தமிழில் அந்த ஜெனரேற்றர் ஓடியது. பிரெஞ்சில் அப்படி ஒரு ஜெனரேற்றர் இருந்ததேயில்லை. தவசீலனின் வழக்கோ பிரெஞ்சில் நடந்தது.

*

சுஜானிதான் அவனை அவொக்காவிடம் கூட்டிப்போனாள். ஜிஸ்லேன் என்ற அந்தப் பெண் வக்கீல் மார்க்ஸ் டோர்மோயில் ஒரு தேவாலயத்துப் பின்னறையில் காசு வாங்காமல் ஆலோசனை சொல்பவள். கொந்திராவைத் தருவதாகக் காட்டி, விசா இல்லாதவனைப் பூட்டிய அறையில் வேலை வாங்கி, நச்சுப்புகையில் அவனை ஊனமாக்கியிருந்தால் முறைப்பாடு கொடுக்கலாம் என்றாள். முறைப்பாடும் மருத்துவ அறிக்கையும் சேர்ந்தால் அவனை நாட்டில் வைத்திருக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் இரண்டு விஷயத்தை நிரூபிக்க வேண்டும். அங்கே ஒரு எஞ்சின் இருந்தது. அந்த அறைக்குள் இருந்தவன் இவன்தான்.

சுஜானி அதை அவனுக்குத் தமிழில் சொன்னாள்.

"மண்டபத்திலை இருந்த எல்லாரும் வடை எண்டு சொல்லிட்டினம், அண்ணா. நான் தனியச் சொன்னால் காணாதாம். பொம்பியேயின்ரை ரிப்போர்ட்டிலை புகை எண்டுதான் கிடக்கு, எஞ்சின் எண்டு ஒரு சொல்லும் இல்லை, உங்கடை பேரும் இல்லை. பேர் தெரியாத ஆள் எண்டுதான் இருக்கு. ஆஸ்பத்திரியிலையும் அன்ரன் மாமா வேறை பேர்தான் குடுத்தவர்."

"என்ன பேர்?"

"அவருக்கே நினைவில்லையாம்."

ஜிஸ்லேன் பேனையை வைத்துவிட்டாள். சுஜானி தன் போனைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்.

"என்னட்டை ஒரு வீடியோ இருக்கு. பொன்னாடை போர்க்கிறதை எடுக்கவெண்டு அப்பா என்ரை போனை வாங்கிக் கதிரையிலை நிறுத்தி வைச்சவர். ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. அது தன்பாட்டிலை எடுத்துக்கொண்டு இருந்திருக்கு."

"அப்பாவுக்குத் தெரியுமோ, நீர் இதைக் காட்டிறது?"

"தெரிஞ்சால் என்னை வீட்டை விட்டுக் கலைப்பார்," என்றாள் சுஜானி. போனை மேசையில் வைத்தாள்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். தென்னைமரம் எரிந்தது. அன்ரன் பொன்னாடையோடு சிரித்தார். கைதட்டல். பிறகு கத்தல், கதிரைகள் விழுந்தன, சனம் ஓடியது, வெகுநேரம் வெறும் மேடை. பிறகு முகமூடி போட்ட இரண்டு பேர் திரையை விலக்கிக்கொண்டு ஓர் ஆளை இழுத்து வந்தார்கள். திறந்த கதவுக்குள் ஜெனரேற்றர் நன்றாகத் தெரிந்தது. ஜிஸ்லேன் படத்தை அங்கே நிறுத்தி, தலையை ஆட்டினாள். எஞ்சின் சரி.

ஆளின் முகம் தெரியவில்லை. தீயணைப்புக்காரரின் முதுகு மறைத்தது. தெரிந்தது கால்கள் மட்டும். இழுத்ததில் ஒரு சப்பாத்து கழன்றிருந்தது.

"இது நீங்களா?" என்று ஜிஸ்லேன் பிரெஞ்சில் கேட்டாள். அது அவனுக்கு விளங்கியது.

தவசீலன் பார்த்தான். அந்த நாளைப் பற்றி அவன் தலைக்குள் சூடான காற்றைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. அந்தக் கால்கள் எவனுடைய கால்களாகவும் இருக்கலாம். ஓம் என்று சொல்லலாம். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னவன்தான். ஆனால் இந்த முறை அவனால் சொல்ல முடியவில்லை, நிச்சயமாகத் தெரியவில்லை.

ஜிஸ்லேன் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சாம்பல் நிறக் காலுறை, ஓரத்தில் சிவப்புக் கோடு. பெருவிரலடியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளால் விரல் வெளியே நின்றது, நகம் பாதி கறுத்துப் பிளந்திருந்தது. அவள் நிமிர்ந்து மேசைக்கடியில் அவன் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு சுஜானியிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

சுஜானி அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நகத்தைப் பார்க்கவேணுமாம். குறை நினைக்காதேங்கோ அண்ணா. ஒருக்கால் சப்பாத்தைக் கழட்டுவீங்களோ?"

தவசீலன் வலது கையால் சப்பாத்து நாடாவை அவிழ்த்தான். நேரமெடுத்தது. இரண்டு பெண்களும் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சப்பாத்து கழன்றது.

வக்கீலிடம் வந்த அன்றைக்கும் அதே காலுறையைத்தான் போட்டிருந்தான், அதே பிளந்த நகம் வெளியே நின்றது. ஓட்டை கொஞ்சம் பெரிதாகியிருந்தது.